அணி தோற்ற மறுநாள் லீவா? படுத்துக் கிடக்காதீர்கள்

பிடித்த அணி தோற்ற மறுநாள் லீவாக அமைந்தால், ‘நல்லவேளை, யார் முகத்திலும் விழிக்க வேண்டாம், நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கலாம்’ என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப் படுத்துக் கிடப்பதுதான் நாளைக் கெடுக்கிறது. சும்மா இருக்கும் மனசு, கைவிட்ட கேட்ச்சையும் தவறிய பெனால்டியையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். அந்த நாளை வேலையால் நிரப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எந்த வேலை, எந்த வரிசையில் என்பது முக்கியம்.

‘விளையாட்டுதானே, விடு’ என்ற ஆறுதல் யாருக்கும் உதவியதில்லை. 1994 உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியில் பிரேசிலும் இத்தாலியும் மோதியபோது, டிவியில் பார்த்த ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறியது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியது. மைதானத்தில் கால் வைக்காதவர் உடம்பிலும் தோல்வி இறங்குகிறது. ஜெயித்தால் ‘நாம ஜெயிச்சுட்டோம்’, தோற்றால் ‘அவனுங்க தோத்துட்டானுங்க’ என்று பேச்சு மாறுவதை, 1976-லேயே உளவியலாளர் சியால்டினி குழுவினர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் பதிவு செய்தார்கள். நிஜமான ரசிகருக்கு அந்த ‘அவனுங்க’ வாயில்தான் வரும், மனசில் வராது.

அப்படியானால் எது உதவும்? ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ரசிகர்களைப் பற்றி 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. ஞாயிறன்று சொந்த ஊர் அணி தோற்றால், திங்களன்று அந்த ஊரில் கொழுப்பு அதிகமான தீனி கூடுதலாக உள்ளே போகிறது என்று காட்டியது. அதே ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், தமக்கு வாழ்க்கையில் முக்கியமானவை எவை என்று எழுதச் சொன்னவர்களிடம் அந்த விளைவு காணாமல் போனது. எனக்கு இதுதான் சாவி. ரசிகர் என்ற ஒரு பாகம் அடிபட்டுக் கிடக்கும்போது, நம்மில் இருக்கும் மற்ற பாகங்களுக்கு வேலை கொடுக்க வேண்டும்.

ஆரம்பம் முந்தைய இரவில். மேட்ச் முடிந்ததும் குழுக்களை மியூட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வு வரும். 8 மணி நேரம் தூக்கத்திலேயே தீர்ந்துவிடும், அதனால் 1 வாரத்தைத் தேர்ந்தெடுத்து, மறுநாள் மாலை நீங்களே எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு தாளில் மறுநாளுக்கு மூன்றே வேலை எழுதுங்கள். காலையில் வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குமேல் தாமதிக்காமல் எழுந்துவிட வேண்டும். அசதிக்காகக் காபியைக் கூட்டுகிறவர்கள் மதியத்தோடு நிறுத்துங்கள். காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். இல்லையென்றால் இரண்டாவது இரவும் போச்சு.

வேலையைத் தேர்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது எல்லாம் கை பழகிய வேலை. கை பாட்டுக்கு ஓடும், மனசு கடைசி ஓவருக்குப் போய்விடும். கண்ணும் விரலும் சேர்ந்து கவனிக்க வேண்டிய வேலையாக, ஒரு மணி நேரத்துக்குள் முடிவதாக, முடிந்ததும் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். சைக்கிள் செயினைச் சுத்தம் செய்வது இதற்கு அருமையான வேலை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கிரீஸ் நீக்கும் திரவத்தில் நனைத்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை இடம் மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பல்சக்கர இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கி போதும். நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணியின் உருளை மேலும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். கியர் சைக்கிளில் கண்ணிகள் நூறுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு போகும்போது வேறு எதுவும் தலைக்குள் நுழையாது. பத்துச் சுற்று சுற்றி, சில நிமிடம் விட்டு, வெளியே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் தூசி ஒட்டி அரைக்கும். அழுக்கின் மேலேயே எண்ணெய் விட்டாலும் அதே கதிதான். பிரேக் பிடிக்கும் ரிம்மிலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக் கூடாது.

சைக்கிள் இல்லாதவர்கள் பட்டன் தைக்கலாம், செடியைத் தொட்டி மாற்றலாம், மேஜை டிராயரைக் கவிழ்த்து ஒழுங்குபடுத்தலாம். வேலை செய்யும்போது விளையாட்டு பாட்காஸ்ட் மட்டும் வேண்டாம். பட்டியலில் பன்னிரண்டு வேலை எழுதுவதும், அறை முழுக்கப் பெயிண்ட் அடிக்கக் கிளம்புவதும் அடுத்த பொறி. பாதியில் நின்றால் அதுவும் ஒரு தோல்வியாகவே உறுத்தும்.

மதியம்தான் ஆபத்தான நேரம். உடம்பு தளரும், கை தானாக ஹைலைட்ஸைத் தேடும். அந்த நேரத்துக்கு வெளியே போகும் வேலையை வையுங்கள். அந்த விளையாட்டைப் பற்றி அறவே தெரியாத நண்பர் ஒருவரைப் பார்த்தால் இன்னும் நல்லது, அவரிடம் மேட்ச்சைத் தவிர எல்லாம் பேசலாம். ஆத்திரத்தில் தானே ஆடப் போகிறவர்கள் பத்து நிமிடம் வார்ம்அப் செய்யாமல் ஓடாதீர்கள். தூக்கம் குறைந்த உடம்பு, கோபம் சேர்ந்த வேகம், தசைப்பிடிப்பில்தான் முடியும்.

வீட்டில் குழந்தையும் அதே அணியின் ரசிகர் என்றால் அவர் அழுததைக் கேலி செய்யாதீர்கள். ‘எந்த இடத்தில் ரொம்ப வருத்தமா இருந்துச்சு?’ என்று ஒரு கேள்வி கேட்டு, முழுசாகச் சொல்லவிட்டு, பிறகு எண்ணெய்க் குப்பியைக் கையில் கொடுங்கள்.

மேட்ச்சை மறக்கச் சொல்லவில்லை. மாலையில் அதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்கி, மூன்று வேலையும் முடிந்த பிறகு உட்காருங்கள். கமெண்ட் பகுதியைத் திறக்காமல் ஸ்கோர்கார்டை மட்டும் மேலிருந்து கீழ் படியுங்கள். ஆட்டம் எங்கே கைமாறியது, தோற்ற பக்கத்தில் யார் நன்றாக ஆடினார்கள் என்று இரண்டு விஷயம் மட்டும் தேடுங்கள். முந்தைய இரவு ஒரே ஆளின் தவறாகத் தெரிந்தது, இப்போது பார்த்தால் அதற்கு வெகுமுன்பே சரிந்திருக்கும். அந்த ஆளை இரவு திட்டியிருந்தால், பதிவை அழித்துவிடுங்கள். பிறகு குழுவின் மியூட்டை எடுத்துவிட்டு, அடுத்த மேட்ச் என்றைக்கு என்று பாருங்கள்.