கொதிக்க வைத்தால் ஈயம் போகாது

“டிடிஎஸ் மீட்டர் 150-க்குக் கீழே காட்டினால் தண்ணீரில் ஈயம் இல்லை, இருந்தாலும் கொதிக்க வைத்தால் போய்விடும்” என்று தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-இன்படி ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கையடக்க டிடிஎஸ் மீட்டர் காட்டும் மிகச் சிறிய அளவே லிட்டருக்கு 1 மில்லிகிராம். வரம்பைப்போல் பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் அதில் தெரியாது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் ஆவியாகாது. லிட்டருக்கு 0.012 மில்லிகிராம் ஈயம் உள்ள 2 லிட்டர் தண்ணீர் சுண்டி ஒன்றரை லிட்டரானால், அளவு 0.016 ஆகிவிடும். குழந்தைக்குப் பால் கரைக்கும் வீடுகளில் இதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.

ஈயம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் சேர்கிறது: பித்தளைக் குழாய், பற்றவைத்த இணைப்பு, ஈயம் கலந்த பழைய பிவிசி பைப். ஆகவே ஆய்வகத்துக்கு இரண்டு மாதிரி எடுங்கள். இரவு முழுக்க மூடியிருந்த குழாயைத் திறந்ததும் வரும் முதல் லிட்டர் ஒன்று. மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தது இன்னொன்று. முதலாவதில் மட்டும் கூடுதல் என்றால், குழாயையும் அதையொட்டிய இணைப்புகளையும் மாற்ற வேண்டும். அதுவரை முதலில் வரும் தண்ணீரைத் துணி துவைக்கப் பிடித்துவையுங்கள்; சமையலுக்கு வேண்டாம்.