மயோசின்கள் எல்லாம் ஒரே வேலையா செய்கின்றன?

அமினோ அமிலங்களைக் கோத்துக் கட்டிய, தசையைச் சுருங்க வைக்கும் புரதங்கள்தான் மயோசின்கள். “தசை மயோசின்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமினோ அமில வரிசை, அதனால் வேலையும் ஒன்றுதான்” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. முதல் பாதி சரி, மிச்சம் தப்பு. இதயத்தின் ஆல்ஃபா, பீட்டா மயோசின்களையே பாருங்கள்: 1,900 அமினோ அமிலங்களுக்கு மேல் நீளம், சுமார் 93 சதவீதம் ஒற்றுமை, ஆனாலும் மேலறைகளில் அதிகமுள்ள ஆல்ஃபா ஏடிபியை (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) மளமளவென்று உடைத்து வேகமாக இழுக்கும், கீழறைகளின் பீட்டா (கால் தசையின் மெதுவான இழைகளிலும் இதேதான்) நிதானமாக, சிக்கனமாக இழுக்கும். மீதி 7 சதவீதம் சில்லறை இல்லை. பீட்டாவில் 403ஆவது இடத்தில் உள்ள அர்ஜினின் என்ற ஒரு அமினோ அமிலம் மட்டும் குளூட்டமின் என்ற வேறொன்றாக மாறினாலே இதயச் சுவர் தடிக்கும் நோய் வரலாம், இது 1990லேயே தெரிந்த விஷயம். அப்புறம், அதிவேக 2பி மயோசினுக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் எலியின் காலில் தாராளமாக உள்ள அந்தப் புரதம் நம் கை கால் தசைகளில் அநேகமாக இல்லை.