சர்வரில் வருகிறது, ஆறடி தள்ளி வரவில்லை

மூன்று இரவுகள் பாழாய்ப் போயின. அப்படி என்ன பெரிய வரம் கேட்டுவிட்டேன்? ஒரே அறையில் இரண்டு கணினிகள். ஒன்று சர்வர், இன்னொன்று நான் வேலை செய்யும் கணினி. நடுவில் இரண்டையும் கேபிளால் இணைக்கும் ஹப் என்ற பெட்டி. சர்வரின் முதுகில் தொலைபேசி வழியே இணையத்தைக் கொண்டுவரும் மோடம், மோடத்தின் முதுகில் தொலைபேசி வயர். சர்வர் டயல் செய்கிறது, மோடம் கிரீச்சிட்டு இரைந்து அடங்குகிறது, இணையம் வந்துவிடுகிறது. அதை ஆறடி தள்ளி இருக்கும் என் கணினிக்கும் கொஞ்சம் கொடு என்றேன், அவ்வளவுதான். இந்த இரண்டும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்கின்றன, ஒரே பிரிண்டரைப் பகிர்ந்துகொள்கின்றன. இணையம் என்றதும் மட்டும் முன்பின் அறியாதவர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

வேகத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. 1998-இல் தரப்படுத்தப்பட்ட வி.90 வகை மோடம் இது. ஏட்டில் போட்டிருக்கும் 56 கிலோபிட் முழுதாகக் கிடைத்தாலும் நொடிக்கு 7 கிலோபைட்தான். நாம் அனுப்பும் பக்கமோ 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. 30 மெகாபைட் கோப்பு ஒன்றை இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். இருக்கிற சொற்பத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறேன் என்பவனுக்கு அதையும் தர மறுத்தால் வயிறு எரியாதா?

டயல்-அப் இணைப்பின் அமைப்புகளுக்குள் ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. அதில் டிக் செய்தால் மற்ற கணினிகளும் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாமாம். டிக் செய்தேன். சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த 10.0.0.5 என்ற முகவரி போய் அந்த இடத்தில் 192.168.0.1 வந்து உட்கார்ந்துகொண்டது. முகவரி மாறும், மற்ற கணினிகளுடன் தொடர்பு அறுந்துபோகலாம் என்று முன்னதாக ஓர் எச்சரிக்கை வந்தது உண்மை. ஆனால் நெட்வொர்க்கில் உள்ளவர்களுக்கு இனிமேல் நானே முகவரி கொடுப்பேன், பெயர் விசாரணைகளுக்கும் நானே பதில் சொல்வேன் என்று அந்தப் பகிர்வு வசதி கிளம்பப்போவதை அந்த எச்சரிக்கை சொல்லவில்லை. என் சர்வரில் ஏற்கெனவே கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியும், பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸும் ஓடுகின்றன. ஒரே வேலைக்கு இருவர் மல்லுக்கட்ட, என் கணினியில் டொமைனுக்குள், அதாவது சர்வர் நிர்வகிக்கும் கணினிக் குழுவுக்குள், நுழையவே ஐந்து நிமிடம் பிடித்தது. போதாக்குறைக்கு, சர்வரில் நான் லாக் ஆஃப் செய்தவுடன் தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டது. சர்வர் என்பதே யாரும் எதிரில் உட்காராமல் ஓடவேண்டிய இயந்திரம்தானே!

பிறகு உதவிப் பக்கங்களைத் தோண்டினேன். டொமைனை ஆளும் டொமைன் கன்ட்ரோலர், டிஎன்எஸ் சர்வர், டிஹெச்சிபி சர்வர் உள்ள நெட்வொர்க்கில் இந்த வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. என்னுடைய இயந்திரம் அந்த மூன்றும்தான். அது அதற்கே தெரியும். தெரிந்தும் அந்தக் கட்டத்தை என் கண்முன்னே ஏன் நீட்டவேண்டும்? கூடாது என்றால் கட்டத்தை மூடிவைக்க வேண்டியதுதானே? படித்துப் பார்க்காதது உன் தவறு என்று சொல்லும் அறிவாளிகளிடம் கேட்கிறேன்: பள்ளத்தை வெட்டிவிட்டு, விழுந்தவனிடம் அறிவிப்புப் பலகை அடுத்த தெருவில் இருக்கிறது என்பீர்களா?

எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முறையான வழியில், பல கணினிகள் ஒரே இணைய முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் நேட் என்ற முறையை வைத்து, தேவைப்படும்போது டயல் செய்யும்படி அமைத்தேன். இது ஒன்றும் நேற்று முளைத்த வித்தை இல்லை. நேட் எப்படி வேலை செய்யவேண்டும் என்று சொல்லும் இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 1631 எழுதப்பட்டது 1994-இல். உள் நெட்வொர்க்குகளுக்கென்று 10, 172.16, 192.168 முகவரிகளை ஒதுக்கிய ஆர்எஃப்சி 1918 வந்தது 1996-இல். என் கணினி அனுப்பும் பாக்கெட்டில், அதாவது தகவல் பொட்டலத்தில், அனுப்புநர் முகவரியை மாற்றித் தன்னுடையதை எழுதி, எது யாருடையது என்று ஒரு பட்டியலில் குறித்துவைத்து, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கவேண்டும். சர்வர் செய்யவேண்டியது அவ்வளவுதான். அதைச் செய்யவும் செய்தது. எண் முகவரி கொடுத்துப் பிங் செய்தால், அதாவது இருக்கிறாயா என்று கேட்டால், பதில் வருகிறது. பெயர் கொடுத்தால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. சர்வரில் உட்கார்ந்து அதே பெயரைத் தட்டினால் பக்கம் திறக்கிறது!

இரண்டாம் இரவு முழுவதும் இதற்கே போனது. கேபிளை மாற்றினேன், ஹப்பில் துளையை மாற்றினேன், என் கணினியில் வெளியே போகும் வாசலான கேட்வே முகவரியை நூறு முறை சரிபார்த்தேன். என் பிரவுசரோ பழைய நினைப்பில் இல்லாத மோடத்தைத் தேடித் தானே டயல் செய்யப் பார்த்தது. அந்தப் பழக்கத்தையும் நிறுத்தினேன். கடைசியில் டிஎன்எஸ் நிர்வாகத் திரையைத் திறந்தேன். தெரியாத பெயர்களை வெளியே யாரிடம் கேட்பது என்று எழுதும் பக்கம் முழுவதும் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தது. ஒரு எழுத்தைக்கூடத் தட்ட முடியவில்லை. இடதுபக்கப் பட்டியலில் என் டொமைன் பெயருக்கு மேலே ஒரு புள்ளி. வெறும் ஒற்றைப் புள்ளி. திரையில் ஒட்டிய தூசு என்று விரலால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

அந்தப் புள்ளிதான் என் மூன்று இரவுகளையும் தின்ற எமன். டிஎன்எஸ் மொழியில் புள்ளி என்றால் வேர், உலகத்துப் பெயர்களுக்கெல்லாம் உச்சி. சர்வரை நிறுவியபோது அது வேர் சர்வர்களைத் தேடியிருக்கிறது, அப்போது மோடம் டயல் செய்திருக்கவில்லை, ஒருவரும் அகப்படவில்லை, அப்படியானால் உலகத்துக்கே நான்தான் வேர் என்று முடிவுகட்டிக்கொண்டது. வேருக்கு மேலே கேட்க யாரும் கிடையாது என்பதால் வெளியே கேட்கும் பக்கத்தையும் அடைத்துவிட்டது. தனக்கு வேண்டியதை மட்டும், டயல் செய்யும்போது மறுமுனையில் இணையம் தரும் நிறுவனம் கொடுக்கும் டிஎன்எஸ்ஸிடம் கேட்டுப் பிழைத்துக்கொண்டது. டயல்-அப் இணைப்பு பெரும்பாலான நேரம் துண்டித்தே கிடக்கும் என்பது இதை எழுதியவர்களுக்குத் தெரியாதா? ஒருமுறை, ஒரே ஒரு வரியில், "உன்னை வேராக வைக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? புள்ளியை நீக்கினேன். சாம்பல் நிறம் விலகியது. வெளி டிஎன்எஸ் முகவரியை எழுதினேன். என் மேசையில் முதல் பக்கம் திறந்தபோது மணி மூன்றேகால். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

இப்போது பகிர்வு ஓடுகிறது. ஆனால் என் கணினி எதையோ நினைத்துக்கொண்டு ஒரு பெயரைத் தேடினால் போதும், சர்வர் மோடத்தை எழுப்பிவிடுகிறது. நான் எதையும் தொட்டிருக்க மாட்டேன். மோடம் கிரீச்சிடும், நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கும். டயல் செய்யக்கூடிய நேரங்களை வரையறுக்கும் அட்டவணையை மெனுக்களின் அடியாழத்தில் தேடிப்பிடித்து இரவு நேரங்களை அடைத்துவிட்டேன். பகலை எப்படி அடைப்பது? நேற்று அம்மாவின் பரிசோதனை முடிவைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து அழைத்திருக்கிறார்கள். நான்கு முறையும் மோடம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு எங்கேஜ்டு. அந்த நேரத்தில் நான் கணினிப் பக்கமே போகவில்லை. அதிலிருந்து, வேலை முடிந்ததும் தொலைபேசி வயரை மோடத்திலிருந்து கையால் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.