வெளியூர் ஆட்டமும் டிவிக்காரர் போட்ட வரைபடமும்

அமெரிக்காவில் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம்) பார்க்க என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் போதாதா, காலேஜ் பையன்கள் ஆடுவதைப் பார்க்க ஆறு மணி நேரம் கார் ஓட்டணுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஓட்டணும். அதுவும் சொந்த ஊர் மைதானத்துக்கு இல்லை, எதிராளியின் ஊருக்கு.

நாங்கள் இருப்பது டெட்ராய்ட் பக்கம். ஆன் ஆர்பரில் மிஷிகன் பல்கலைக்கழக மைதானம் கைக்கெட்டும் தூரம். 1927இல் திறந்தது, ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், நாட்டிலேயே பெரியது. தெருவிலிருந்து பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். பெரும்பகுதியைத் தரையைத் தோண்டி இறக்கியிருக்கிறார்கள். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால்தான் காலுக்குக் கீழே மொத்தமும் விரியும். உட்காருவது அலுமினிய பெஞ்சு. உங்கள் சீட் என்பது அதில் ஒரு எண், அவ்வளவுதான். நவம்பரில் எல்லாரும் தடித்த கோட்டோடு வந்தால் வரிசைக்கு இரண்டு பேர் மிச்சமாகிவிடுவார்கள். பாப்கார்ன் வாங்க எழுந்தவர் கதை அதோடு முடிந்தது.

பிடித்த இடம்தான். ஆனால் அங்கே நாம் வீட்டுக்காரர்கள். வெளியூரில்தான் விருந்தாளி. விஸ்கான்சின் அணியின் ஊரான மேடிசனில் ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதி முடிந்ததும் ஒரு பழைய ஹிப்ஹாப் பாட்டைப் போடுகிறார்கள், மாணவர் பக்கம் முழுக்கக் குதிக்கிறது, நாமும் எதிரணிச் சட்டையோடு சேர்ந்து குதிக்கிறோம். ஒஹாயோ ஸ்டேட் அணியின் ஊரான கொலம்பஸில் ஆட்டத்தைவிட பேண்ட்தான் எனக்கு முக்கியம். வாசித்தபடியே நடந்து ‘ஒஹாயோ’ என்று கூட்டெழுத்தில் எழுதுவார்கள்; கடைசியில் சூசஃபோன் என்ற பெரிய ஊதுகருவியைச் சுமந்தவர் துள்ளி நடந்து வந்து ‘ஐ’ எழுத்துக்குப் புள்ளியாக நிற்பார். எங்கள் கூட்டத்தில் ஒருவன் அங்கே எம்.எஸ். படித்தவன். அந்தப் புள்ளிக்குக் கண் கலங்குவான், டச்டவுனுக்குக் கலங்க மாட்டான்.

எல்லாவற்றுக்கும் மேலே அயோவா சிட்டி. அயோவா பல்கலைக்கழகத்தின் கினிக் மைதானத்தை ஒட்டியே குழந்தைகள் மருத்துவமனை உயர்ந்து நிற்கிறது. முதல் கால் பகுதி முடிந்ததும் கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். இரண்டு அணி ஆட்டக்காரர்களும் நடுவர்களும்கூட. 2017இல் ரசிகர்கள் தொடங்கிய வழக்கம். யூடியூபில் பலமுறை பார்த்திருந்தேன், அதனால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், அதுவரை நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவர், தொப்பியைக் கழற்றி அதை ஆட்டிக்கொண்டே இருந்தார். விளம்பர இடைவேளை முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தார்.

என்எஃப்எல் பெருநகர வியாபாரம். இங்கே கல்லூரிதான் ஊர். சனிக்கிழமை ஆனால் வீட்டு முன்புறப் புல்வெளிகூட பார்க்கிங் ஆகிறது, கார் டிக்கியைத் திறந்து அடுப்பு மூட்டுகிறார்கள். நம் புளிசாதத்துக்கு அவர்கள் பிராட்வர்ஸ்ட் சாசேஜ் கைமாறும். ‘இவ்வளவு தூரம் வந்தீர்களா’ என்று கேட்டு ஒரு தட்டை நீட்டாத ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டின் அழகே பக்கத்து ஊர்ச் சண்டைதான். காரில் போய், தோற்று, ராத்திரியே திரும்பி, திங்கட்கிழமை அலுவலகத்தில் அதே ஆள் முகத்தில் விழிக்க வேண்டும். டிவி ஒப்பந்தப் பணம் அந்த வரைபடத்தைக் கிழித்துவிட்டது. 2024இலிருந்து மேற்குக் கரைக் கல்லூரிகளான யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஒரேகான், வாஷிங்டன் எல்லாம் எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் ஆடும் ‘பிக் டென்’ கூட்டமைப்பில். பசிபிக் கடற்கரை அணி நியூ ஜெர்சிக்குப் போய் ரட்கர்ஸோடு ஆடுகிறது. எந்த ரசிகர் காரில் போவார்? இன்னொரு பக்கம், ஓக்லஹோமா எஸ்இசி என்ற தென் மாநிலக் கூட்டமைப்புக்குப் போனதால் ஒரே மாநிலத்து ஓக்லஹோமா ஸ்டேட்டோடு ஆண்டுதோறும் நடந்த ஆட்டம் 2023ஓடு நின்றுபோனது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒன்றரை மணி நேரப் பயணம்கூட இல்லை!

நியாயத்துக்குச் சொல்லணும்: 2011க்குப் பிறகு நின்றிருந்த டெக்சஸ் – டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆட்டம் 2024இல் திரும்பியதும் இதே கலைத்துப்போடலால்தான். ஆனால் அதை முதலில் நிறுத்தியதும் இந்த மாதிரி ஒரு மாற்றமே. டிவி பணத்தில் ஒரு பங்கு இப்போது கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் போவதில் எனக்கு வருத்தமே இல்லை. இத்தனை வருஷம் கொடுக்காமல் இருந்ததுதான் அநியாயம். நான் கேட்பது, பக்கத்து ஊரை அடகு வைக்காமல் அதைச் செய்யக் கூடாதா என்பதுதான்.

இன்னொன்று, ஆட்டம் பகல் பன்னிரண்டுக்கா ராத்திரி ஏழரைக்கா என்பதையும் டிவிதான் முடிவு செய்கிறது. பல நேரம் பன்னிரண்டு நாள் முன்னால்தான் சொல்வார்கள், சில வாரம் ஆறே நாள். விடுதிக்காரரோ இரண்டு ராத்திரிக்குக் குறைந்து அறை தர மாட்டார், வாடகை மூன்று மடங்கு. குழந்தை குட்டியோடு வருகிறவன் என்னதான் திட்டம் போடுவான்?

அதனால் யாராவது என்னிடம் எந்த ஆட்டத்துக்குப் போகலாம் என்று கேட்டால் தரவரிசையைப் பார்க்காதே என்பேன். ஒரே நாளில் காரில் போக முடிகிற, இதுவரை பார்க்காத ஊராக எடு. அணி சுமாராக இருந்தால் இன்னும் நல்லது, டிக்கெட் மலிவு. நாங்கள் அடுத்து நெப்ராஸ்கா லிங்கன் போவதாக இருக்கிறோம். 1962இலிருந்து அந்த மைதானத்தில் டிக்கெட் தீராத ஆட்டமே இல்லையாம், அதனால் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பதினொரு மணி நேர ஓட்டம். பின் சீட்டில் ஓர் இடம் காலி, பெட்ரோல் செலவில் பங்கு கொடுப்பவர்கள் இன்பாக்ஸுக்கு வரவும்.