அந்தத் தண்ணீர் திரும்ப ஊறாது

சவூதிப் பாலைவனத்தில் வட்டம் வட்டமாகப் பச்சை வயல் தெரிகிற ஒரு வீடியோவை மூன்று நாளாக எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. "பாலைவனத்தையே சோலையாக்கிட்டான் சவூதிக்காரன், நாம என்ன கிழிச்சோம்?" என்று கீழே ஒரு வரி. எங்கள் சொந்தக்காரர் குரூப்பில் தம்பி முறையுள்ள ஒருவன் போட, பெரியவர்கள் எல்லாரும் கைதட்டியிருந்தார்கள். "அது திரும்ப ஊறாத தண்ணிப்பா" என்று எழுதினேன். "அண்ணனுக்குப் பொறாமை" என்று பதில் வந்தது.

அந்த வட்டங்களுக்குத் தண்ணீர் ஏற்றியவன் நான். சவூதியில் வாதி அத்தவாசிர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில் ஆறு வருஷம் பம்ப் ஃபிட்டர். விளைந்தது பர்சீம், நம்மூர்க் குதிரைமசால். மாட்டுத் தீவனம். தென்மேற்கு மலைப்பக்கம் நீங்கலாக, வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது அந்த நாட்டில். நாங்கள் இறைத்தது பல ஆயிரம் வருஷத்துக்கு முன் பெய்து பாறைக்குள் இறங்கிய மழை. மேலே வரும்போது கை வைக்க முடியாத சூடு. பம்ப் காற்றை இழுக்கும், இன்னும் நாலு பைப் சேர்த்து இறக்குவோம். அடுத்த வருஷம் மறுபடி. முதலாளியின் அப்பா வந்து நிற்பார், எண்பது வயதிருக்கும். இளவயதில் ஒட்டகம் பூட்டி இறைத்த கிணற்றைக் காட்டுவார். உள்ளே மணல்தான்.

நான் சொன்னால் பொறாமை. அவர்கள் அரசாங்கம் செய்ததைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் உலகுக்கே கோதுமை ஏற்றுமதி செய்த நாடு. நிலத்தடி நீர் தீர்வதைப் பார்த்து 2008-இல் சாகுபடியைக் குறைக்க முடிவெடுத்து, 2016-இல் உள்ளூர்க் கொள்முதலையே நிறுத்தினார்கள். அல்மராய் என்ற சவூதிப் பால் கம்பெனி 2014-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கி, குதிரைமசாலைக் கப்பலில் கொண்டுவந்தது. அதுவும் வறண்ட பூமிதான்.

"கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குறானே?" ஆக்குகிறான், நானும் குடித்தேன். குடிக்க ஆகும், தீவனக் காட்டுக்குக் கட்டாது. ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் கரண்ட், பழைய ஆலைகளில் அதைவிட அதிகம். ஜுபைலில் சுத்திகரித்ததை ரியாதுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் தள்ளி, 600 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்துத்தான்.

"அவன் உப்பைத் தின்னுட்டுப் பேசலாமா?" என் தங்கை கல்யாணம் அந்தக் காசில்தான் நடந்தது. அதனால்தான் நெஞ்சு பதறுகிறது. அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது இந்தக் கை.

நாம என்ன கிழிச்சோமா? ராமநாதபுரத்துக்காரன் கேட்கிற கேள்வியா இது? மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கக் கண்மாய் வெட்டியவர்கள் நம் பாட்டன்மார். வருஷா வருஷம் நிறைகிற தண்ணீர் அது. இன்றைக்கு அதில் சீமைக்கருவேல் நிற்கிறது. அம்மா ஊற்றடியில் குடத்தோடு விடிய விடியக் காத்திருந்தாள், நானும் கூட இருந்தேன். கைதட்டிய பெரியவர்களில் இரண்டு பேர் அதே ஊற்றடியில் வரிசையில் நின்றவர்கள். அவர்களுமா எனக்குப் பொறாமை என்று நினைக்கிறார்கள்?