மூளையை மட்டும் நகலெடுத்தால் போதுமா?

உயிரினங்களைப் பார்த்துச் செய்த இயந்திர அறிவு என்றால் இன்று எல்லோருக்கும் மூளையின் நரம்புப் பின்னலைப் போல அமைத்த நியூரல் நெட்வொர்க்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. உயிரியலிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது மூளையை மட்டும்தான், அதுவும் மேலோட்டமாக. அந்த மூளையை வளர்த்துவிட்ட போட்டி, திருட்டு, ஒட்டுண்ணி, சாவு இதெல்லாம் கணக்கிலேயே வருவதில்லை.

டாம் ரே என்றொரு சூழலியலாளர். கோஸ்டாரிகா மழைக்காடுகளில் ஆய்வு செய்தவர். 1990 வாக்கில் 'டியெரா' என்ற புரோகிராமை எழுதினார். கணினி நினைவகத்துக்குள் ஒரு சின்ன உலகம். அதில் தன்னைத்தானே நகலெடுக்கும் ஒரே ஒரு நிரல். நீளம் 80 கட்டளைகள். நகலெடுக்கும்போது அவ்வப்போது பிழை நேரும். இடம் நிரம்பினால் வயதானவையும் தப்பு செய்பவையும் முதலில் சாகும். அவ்வளவுதான். எதையாவது சாதித்தால் மதிப்பெண் என்ற பேச்சே இல்லை.

அதில் 45 கட்டளைகள் மட்டுமே உள்ள ஒரு பிறவி தானாக முளைத்தது. நகலெடுக்கும் பகுதியே அதனிடம் கிடையாது. பக்கத்தில் இருப்பதன் நிரலை ஓட்டியே தன் வாரிசுகளைப் பெற்றது. சுத்த ஓசிப் பிழைப்பு! பிறகு அதற்கு மசியாதவை வந்தன. அப்புறம் ஒட்டுண்ணிக்குக் கிடைக்கும் பிராசசர் நேரத்தையே பறித்துத் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் எத்தன்களும் வந்தார்கள். இதில் ஒரு வரியைக்கூட ரே எழுதவில்லை.

சரி, வேடிக்கைதான், பயன் என்ன என்று கேட்கலாம். அதே 1990-இல் டேனி ஹில்லிஸ் என்ற கணினி அறிஞர், 16 எண்களை வரிசைப்படுத்தும் அமைப்பைப் பரிணாம முறையில், அதாவது பல தீர்வுகளைப் போட்டியிடவிட்டு நல்லதை மட்டும் பெருக்கி, தேடினார். இரண்டிரண்டு எண்களாக எது பெரிது என்று பார்க்கும் ஒப்பீடுகள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தேடல் 65-இல் முட்டிக்கொண்டு நின்றது. உடனே சோதனைக் கேள்விகளையும் (வரிசைப்படுத்தக் கொடுக்கும் எண் பட்டியல்களை) ஒட்டுண்ணிகள்போல வளரவிட்டார்: தீர்வைத் தோற்கடிக்கும் கேள்விக்கே வாழ்வு. எண்ணிக்கை 61-க்கு இறங்கியது. மனிதர்கள் 1969-லேயே 60-ஐத் தொட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். எதிரி இருந்ததால்தான் அந்த நான்கும் குறைந்தன.

2017-இல் வந்த, 'கோ' என்ற பலகை விளையாட்டை ஆடும் ஆல்பாகோ ஸீரோ புரோகிராம் தன்னோடு தானே ஆடித் தேறியதே என்பார்கள். உண்மைதான். ஆனால் பலகையும் விதியும் வெற்றி எது என்பதும் நாம் கொடுத்தவை. டியெராவில் வெற்றி எது என்று யாரும் சொல்லவில்லை.

டியெராவும் கொஞ்ச காலத்தில் களைத்துவிட்டது. புதிதாக எதுவும் வராமல் தேங்கியது. நிற்காமல் புதியதைப் பெற்றுக்கொண்டே இருக்கும் உலகத்தை எப்படிக் கட்டுவது என்பது இன்றும் தீராத கேள்வி. ஏஐ மாடல்களை இன்னும் இன்னும் பெரிதாக்கக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்தக் கேள்விக்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி.