ஹான்சென் என்றால் ஒரே வம்சமா? நார்வே குடும்பப்பெயர்கள் பற்றிய தவறான தகவல்

‘நார்வேயில் ஹான்சென் என்ற பெயர் கொண்ட எல்லோரும் ஒரே மூதாதையரின் வழிவந்தவர்கள், குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டே பல நூற்றாண்டுகள் பின்னால் போய்விடலாம்’ என்ற தகவல் பரவி வருகிறது. இது தவறு.

முற்காலத்தில் நார்வேயின் கிராமப்புறங்களில் தந்தை பெயர்தான் அடையாளமாக இருந்தது. அது தலைமுறைதோறும் மாறியது. ஹான்ஸின் மகன் லார்ஸ் ஹான்சென். அவருடைய மகன் பேடர் லார்சென், மகள் அன்னா லார்ஸ்டாட்டர். ஒரே வீட்டில் மூன்று பெயர்கள்! ஹான்ஸ் என்ற பெயரோ நாடெங்கும் ஆயிரக்கணக்கானோருக்கு இருந்தது.

கூடவே பண்ணையின் பெயரும் சேரும். அது முகவரி போன்றது. இரத்த உறவைக் காட்டாது. வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் பெயரும் மாறும். மனைவியின் பண்ணையில் குடியேறிய கணவர் அந்தப் பெயரையே ஏற்பதும் உண்டு. ஹாகென், பாக்கென் போன்ற பண்ணைப் பெயர்கள் பல மாவட்டங்களில் இருப்பதால் அவையும் உறவுக்குச் சான்றல்ல. நிலையான குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கிய சட்டம் 1923-இல்தான் வந்தது. நகரத்தவரும் அதிகாரிகளும் அதற்கு வெகு முன்பே அப்படி வைத்துக்கொண்டனர்.

எனவே, மூதாதையரைத் தேடுபவர்கள் முதற்பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, பண்ணை, திருச்சபைப் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘டிகிடால்ஆர்க்கிவெட்’ இணையதளத்தில் 1801, 1865, 1900, 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் தேவாலயப் பதிவேடுகளையும் இலவசமாகப் பார்க்கலாம். நார்வேயிலிருந்து குடியேறி அமெரிக்காவில் பண்ணைப் பெயரால் அறியப்பட்ட ஒருவர், சொந்த ஊர்ப் பதிவேட்டில் தந்தை பெயரோடு மட்டுமே இருக்கக்கூடும்.